பாஸ்போர்ட்டில் ஓராண்டு மிச்சமிருக்கும்போதே

இந்தியாவில் வாழ்பவருக்குப் பாஸ்போர்ட் பயணத்துக்கான புத்தகம். பயணம் இல்லாத ஆண்டுகளில் அது பீரோவில் கிடக்கும். காலாவதி ஆனாலும் குடி முழுகிப்போகாது. ஜெர்மனியில் வாழும் இந்தியக் குடிமகனுக்கு நிலைமை அப்படியன்று. ஜெர்மனியின் வசிப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்து இங்கே தங்கியிருப்பவர் செல்லத்தக்க பாஸ்போர்ட் வைத்திருந்தாக வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தின்கீழ் வரும் விதிகளில் 56ஆவது விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது: பாஸ்போர்ட் காலாவதியாகும் முன்பே புதியது கைக்கு வந்து சேரும் அளவுக்கு முன்கூட்டியே விண்ணப்பிப்பது தங்கியிருப்பவரின் கடமை. ஆகவே விமானம் ஏறும் எண்ணமே இல்லாவிட்டாலும் இங்கே அந்தப் புத்தகம் உயிரோடு இருந்தாக வேண்டும். இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புதிதாக வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் விசாவின் தேதியை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட்டின் தேதியைக் கேட்டால் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்.

வசிப்பு அனுமதி அட்டையின் ஆயுள் பாஸ்போர்ட்டின் ஆயுளைத் தாண்டிப் போகாது என்பதுதான் இதில் முதன்மையானது. உயர்கல்வி பெற்று வேலைக்கு வருபவர்களுக்கான வசிப்பு அனுமதியான ஐரோப்பிய நீல அட்டையை 4 ஆண்டுகள்வரை தரலாம் என்று சட்டம் இடம் கொடுத்தாலும், பாஸ்போர்ட்டில் 14 மாதம்தான் மிச்சமென்றால் அட்டையும் பெரும்பாலும் 14 மாதத்துக்கே அச்சாகும். பிறகு அதற்கு ஒருமுறை கட்டணம், அலுவலகத்தில் நேரம் வாங்கக் காத்திருப்பு, கைரேகை எல்லாம் மறுபடியும் தொடங்கும். நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் இதே கதைதான். உரிமைக்குக் காலவரம்பு கிடையாது, ஆனால் அதைக் காட்டும் அட்டைக்குப் பாஸ்போர்ட்டின் தேதியே எல்லை. வேலை மாறும்போதும், வீடு வாடகைக்குப் பிடிக்கும்போதும், வங்கியில் கடன் கேட்கும்போதும் எதிரே இருப்பவர் பார்ப்பது அந்த அட்டையின் தேதியைத்தான். சில மாதங்களில் முடியப்போகும் அட்டையோடு வீட்டுக்காரர் முன் உட்கார்ந்திருப்பது எவ்வளவு சங்கடமானது என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

பாஸ்போர்ட்டை முன்கூட்டியே புதுப்பிக்க இந்தியச் சட்டம் இடம் தந்திருக்கிறது. பெரியவர்களுக்கான சாதாரணப் பாஸ்போர்ட் 10 ஆண்டுகள் செல்லும். அது முடிவதற்கு ஓராண்டு இருக்கும்போதே மறுவழங்கலுக்கு, அதாவது பழையதற்குப் பதில் புதிய புத்தகத்துக்கு, விண்ணப்பிக்கலாம். பழையதில் மிச்சமிருக்கும் மாதங்கள் புதியதில் சேர்க்கப்படுவதில்லை. புதிய புத்தகம் வழங்கப்படும் நாளிலிருந்தே பத்தாண்டு எண்ணப்படுகிறது. அந்தச் சில மாதங்கள் வீணாகின்றனவே என்று பலர் கடைசிவரை தள்ளிப்போடுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த மாதங்களை மனமார விட்டுக்கொடுத்துவிடலாம். பல நாடுகள் பாஸ்போர்ட்டில் 6 மாதம் மீதமிருந்தால்தான் உள்ளே விடுகின்றன என்பதால், பத்தாண்டுப் புத்தகம் நடைமுறையில் ஒன்பதரை ஆண்டுப் புத்தகம்தான். அடிக்கடி பயணம் செய்பவர்கள் 36 பக்கங்களுக்குப் பதிலாக 60 பக்கப் புத்தகத்தைக் கேட்டு வாங்குவது நல்லது. பக்கங்கள் தீர்ந்துபோனாலும் மறுபடி இதே வேலையைத்தான் செய்ய வேண்டியிருக்கும்.

எந்த வாசலுக்குப் போவது என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது; குடியிருக்கும் மாநிலம்தான் அதைத் தீர்மானிக்கிறது. பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் இருப்பவர்களுக்கு மியூனிக் துணைத்தூதரகம், ஹெஸ்ஸன், நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா முதலிய மேற்கு மாநிலங்களுக்கு ஃபிராங்க்ஃபர்ட், வடக்கே ஹாம்பர்க். நான் இருப்பது சாக்சனி மாநிலத்தின் டிரெஸ்டன் என்பதால் எங்களுக்குப் பெர்லின் தூதரகம். இந்த எல்லைப் பிரிவினை இருப்பதால் முகவரிப் பதிவுச் சான்று, அதாவது நகராட்சி தரும் மெல்டெபெஷைனிகுங், விண்ணப்பத்தின் முக்கியமான தாளாகிவிடுகிறது. அண்மையில் வீடு மாறியவர்கள் முதலில் புது வீட்டை நகராட்சியில் பதிந்துவிட்டுத்தான் இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

விண்ணப்பம் இணையத்தில் நிரப்பப்படுகிறது. வெளிநாட்டுத் தூதரகங்களை இந்தியாவின் பாஸ்போர்ட் சேவை அமைப்போடு இணைக்கும் பணி 2018 இறுதியில் தொடங்கியது. அதன் பிறகு நாம் இங்கே நிரப்பும் விவரம் இந்தியாவில் இருக்கும் நம் பழைய கோப்போடு ஒப்பிடப்படுகிறது. அதனால் பழைய பாஸ்போர்ட்டில் இருப்பதற்கும் இப்போது எழுதுவதற்கும் ஓர் எழுத்து வேறுபட்டாலும் அது கண்ணில் படும். இனிமேல் சொல்லப்போவதுதான் நம்மவர்களுக்கு மிகவும் முக்கியமானது: பெயர்.

முருகனின் மகன் செந்தில் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் அவர் மு. செந்தில். பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்தை அப்படியே விட மாட்டார்கள். விரித்து எழுத வேண்டும். சிலருக்கு முருகன் என்பது குடும்பப் பெயர்க் கட்டத்தில் விழுந்திருக்கும். சிலருக்கு இரண்டும் சேர்ந்து இயற்பெயர்க் கட்டத்தில் நின்று, குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருக்கும். இன்னும் சிலருக்கு வெறும் செந்தில் மட்டுமே இருக்கும். நம் ஊரில் இந்த மூன்றுக்கும் ஒரு வேறுபாடும் கிடையாது. இங்கே மூவரும் மூன்று வெவ்வேறு வாழ்க்கை வாழ்கிறார்கள். முதலாமவர் அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் ஹெர் முருகன், அதாவது திரு. முருகன், என்று அப்பாவின் பெயரால் அழைக்கப்படுகிறார். குடும்பப் பெயர் இல்லாதவருக்கோ, அந்தக் கட்டத்தை நிரப்பாமல் கணினி நகராது என்பதால், இருக்கும் பெயரையே ஓர் அலுவலகம் அங்கே தூக்கிப் போடுகிறது. இன்னோர் அலுவலகம் இரண்டாகப் பிரித்துப் போடுகிறது. வரி அடையாள எண்ணில் ஒரு வடிவம், மருத்துவக் காப்பீட்டு அட்டையில் இன்னொரு வடிவம் என்று ஒரே மனிதர் பலராகிவிடுகிறார். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பாவின் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பின்னர் தளர்த்தியது. அந்த நாட்களில் தமிழ்க் குடும்பங்களில் எத்தனை பேர் பதறிப்போனார்கள் என்பது பலருக்கு நினைவிருக்கும்.

மறுவழங்கலின்போது இதைச் சரிசெய்ய முடியும். ஏற்கெனவே இருக்கும் எழுத்துகளை மாற்றாமல் இரண்டு கட்டங்களுக்கிடையே பிரித்து வைப்பது எளிது. பெயரையே மாற்றுவதென்றால் உறுதிமொழிப் பத்திரம், நாளிதழ் விளம்பரங்கள் என்று வேலை பெருகும். ஆனால் முடியும் என்பதற்காகச் செய்துவிடலாமா என்பது வேறு கேள்வி. வெளிநாடு வந்து ஓரிரண்டு ஆண்டுக்குள் இருப்பவர் தாராளமாகச் செய்யலாம். மாற்ற வேண்டிய இடங்கள் குறைவு. இங்கேயே படித்துப் பட்டம் வாங்கி, ஓட்டுநர் உரிமம் எடுத்து, குழந்தையின் பிறப்புச் சான்றிலும் பெயர் ஏறிவிட்டவர், மிகுந்த காரணம் இருந்தாலொழிய, பழைய வடிவத்தைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. பிறப்புச் சான்றில் பெற்றோர் பெயர் அன்றைய பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதப்பட்டிருக்கும். பின்னால் நம் பெயரின் வடிவம் மாறினால், இருவரும் ஒருவரே என்று காலமெல்லாம் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டிவரும். பெண்கள் திருமணத்துக்காகப் பெயரை மாற்ற வேண்டும் என்று இந்தியப் பாஸ்போர்ட் விதி கேட்பதில்லை. கணவர் பெயருக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது. அதில் எழுதினால் போதும். பட்டமும் பணி அனுபவமும் எந்தப் பெயரில் இருக்கின்றனவோ அந்தப் பெயரையே வைத்துக்கொள்ளும்படிதான் என்னிடம் கேட்கும் தங்கைகளுக்குச் சொல்லிவருகிறேன்.

படிவத்தில் அப்பா, அம்மா பெயர்களையும் இதே கவனத்தோடு எழுத வேண்டும். அம்மாவின் ஆதாரில் ஓர் எழுத்து கூடியும், நம் பழைய பாஸ்போர்ட்டில் அது குறைந்தும் இருப்பது வெகு சாதாரணம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் பழைய பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டு நிரப்புவதே பாதுகாப்பு. அந்த மதிப்பெண் பட்டியல் குடியேற்றச் சோதனை தேவையில்லை என்ற நிலைக்கும் சான்றாகிறது. அந்த நிலை இல்லாத பாஸ்போர்ட்டோடு வளைகுடா நாடுகள், மலேசியா முதலிய 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி தனியாக வாங்க வேண்டியிருக்கும் என்பதால், ஜெர்மனியில்தானே இருக்கிறோம் என்று அந்தத் தாளை விட்டுவிட வேண்டாம்.

புகைப்பட அளவும் முகம் எவ்வளவு இடத்தை நிரப்ப வேண்டும் என்ற விகிதமும் அவ்வப்போது மாறுகின்றன. விண்ணப்பிக்கும் வாரத்தில் தூதரகத்தின் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் படம் எடுப்பது நல்லது. ஜெர்மன் அலுவலகங்கள் 2025 மே 1 முதல் தங்கள் அடையாள ஆவணங்களுக்குக் காகிதப் படத்தை வாங்குவதில்லை. சான்று பெற்ற நிலையங்களில் எடுத்து மின்னணு வழியில் அனுப்பப்படும் படமோ அலுவலகத்திலேயே எடுக்கப்படும் படமோதான் செல்லும். ஆகவே இந்தியாவுக்கு ஒரு படம், ஜெர்மன் அட்டைக்கு ஒரு படம் என்று கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கையெழுத்துப் பெட்டியின் கோட்டைப் பேனா தொடக் கூடாது. சாளரத்தில் இருப்பவர் தாளைக் கையில் வாங்கியதும் முதலில் பார்ப்பது அதைத்தான். நீளமான கையெழுத்து உள்ளவர்கள் ஒரு வெற்றுத் தாளில் அதே அளவில் கட்டம் போட்டுப் பழகிக்கொண்டு பிறகு இடலாம்.

கட்டணத்தோடு ஒரு சிறு தொகை இந்தியச் சமூக நல நிதிக்கென்று வாங்கப்படும். 2009இல் ஏற்படுத்தப்பட்ட இந்த நிதியிலிருந்துதான் வெளிநாட்டில் கைவிடப்பட்டுத் தவிக்கும் தொழிலாளர்களுக்குத் தங்குமிடமும் ஊர் திரும்பப் பயணச்சீட்டும் தரப்படுகின்றன. அங்கேயே இறந்துபோன ஏழைகளின் உடலை வீட்டுக்கு அனுப்பவும் இந்த நிதி உதவுகிறது. ரசீதில் அந்த வரியைப் பார்க்கும்போது நான் மனநிறைவோடு செலுத்துகிறேன்.

அடுத்தது காவல்துறை விசாரணை. எல்லோருக்கும் வராது, ஆனால் வந்தால் அது நம் இந்திய முகவரிக்குத்தான் போகும். என் விண்ணப்பத்துக்காக எங்கள் ஊர்க் காவல் நிலையத்திலிருந்து அம்மாவை அழைத்துவிட்டு, மறுநாள் ஒரு இளம் காவலர் வீட்டுக்கே வந்தார். "பையன் ஜெர்மனியில இருக்காருன்னு போட்டிருக்கு, சரிங்களாம்மா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமாங்க தம்பி, கல்யாணத்துக்கு முன்னாடி போனான், அங்கேயேதான் இருக்கான்" என்று அம்மா சொல்லி, நான் முன்கூட்டியே அனுப்பிவைத்திருந்த பழைய பாஸ்போர்ட் நகலையும் ரேஷன் அட்டையையும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். எதிர்வீட்டு அண்ணனும் பக்கத்து வீட்டுச் சித்தப்பாவும் தெரிந்தவர்கள் என்று கையெழுத்துப் போட்டார்கள். அதோடு முடிந்தது. இது சுமுகமாக முடியக் காரணம், நான் எழுதிய முகவரியில் என்னைத் தெரிந்த மனிதர்கள் இன்னும் இருந்ததுதான். இன்று எத்தனையோ குடும்பங்கள் ஊர் வீட்டைப் பூட்டிவிட்டோ விற்றுவிட்டோ சென்னையிலும் கோவையிலும் அடுக்குமாடிக்குக் குடிபோய்விட்டன. பழைய பாஸ்போர்ட்டில் இருக்கிறதே என்று அந்தப் பூட்டிய வீட்டையே நிரந்தர முகவரியாக மறுபடி எழுதினால், காவலர் வந்து பார்த்துவிட்டு ஆள் இல்லை என்று எழுதிவிட்டுப் போவார்; இங்கே நம் விண்ணப்பம் அசையாமல் நிற்கும். பெற்றோர் இப்போது எங்கே இருக்கிறார்களோ அந்த முகவரியைச் சான்றோடு கொடுத்துவிடுவதும், விண்ணப்பித்த அன்றே அவர்களுக்குச் சொல்லிவைப்பதும் இன்றியமையாதவை.

விண்ணப்பித்த நாளுக்கும் புதிய புத்தகம் வரும் நாளுக்கும் இடையிலான வாரங்கள்தான் மனத்தை அதிகம் அழுத்துபவை. வயதான பெற்றோரை ஊரில் வைத்திருக்கும் யாருக்கும் அந்த நாட்களில் நள்ளிரவில் தொலைபேசி ஒலித்தால் நெஞ்சு பதறும். நடைமுறை இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் பழைய பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கையிலேயே திருப்பித் தருகிறார்கள், சில இடங்களில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். விண்ணப்பிக்கும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உண்மையாகவே அவசரம் வந்துவிட்டால் தூதரகத்தின் அவசரத் தொடர்பு எண்ணை அழைப்பதில் தயக்கமே வேண்டாம். அந்த எண் இதற்காகத்தான் இருக்கிறது. அவசரச் சான்றிதழ் என்று ஒன்று தருவார்கள். அது இந்தியாவுக்கு ஒருவழிப் பயணத்துக்கு மட்டும் செல்லும். அதில் போனவர் சென்னை, திருச்சி, மதுரை, கோவை ஆகிய பாஸ்போர்ட் அலுவலகங்களில் தமக்கு உரியதில் புதிய பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டுதான் திரும்ப முடியும். ஆகையால் கிளம்பும்போது வசிப்பு அட்டையையும் பழைய பாஸ்போர்ட்டின் நகல்களையும் மறக்காமல் எடுத்துச்செல்ல வேண்டும்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதே புதுப்பித்துவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். செய்யலாம், இந்தியாவில் 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000 ரூபாய், தட்காலுக்குக் கூடுதலாக 2,000 ரூபாய் என்பது இங்கே ஆகும் செலவை நினைத்தால் கவர்ச்சியானதுதான். ஆனால் மூன்று வார விடுமுறையில் இதை நம்பித் திரும்பும் விமானத்துக்குச் சீட்டு எடுத்தவர், காவல்துறை அறிக்கை தாமதமானால் என்ன செய்வார்? நீண்ட விடுப்பு இருப்பவருக்கு மட்டுமே அந்த வழியை நான் சொல்வேன்.

குழந்தைகளின் பாஸ்போர்ட் 5 ஆண்டுக்கோ 18 வயது முடியும்வரையோ, எது முந்துகிறதோ பொதுவாக அதுவரைதான் செல்லும். குடும்பத்தில் நால்வர் இருந்தால் நான்கு தேதிகள். சிறுவர்களுக்குத் தாய் தந்தை இருவரும் கையெழுத்திட்ட ஒப்புதல் வேண்டும் என்பதால், ஒருவர் இந்தியாவில் இருக்கும் நேரத்தில் இந்த வேலை வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே பிறந்த குழந்தையின் பிறப்பை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் சொல்கிறது. முதல் பாஸ்போர்ட் அதற்குப் பிறகுதான். குழந்தையின் படத்துக்குத்தான் பொறுமை அதிகம் தேவை: கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், தாங்கிப் பிடிக்கும் அம்மாவின் கை படத்தில் தெரியக் கூடாது.

புத்தகம் தபாலில் வருவதென்றால் ஜெர்மனிக்கே உரிய ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். இங்கே கட்டடத்துக்கு எண் உண்டு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு வீட்டுக் கதவுக்கும் பெரும்பாலும் எண் கிடையாது. தபால்காரர் அழைப்புமணியிலும் தபால்பெட்டியிலும் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கொடுப்பார். நம் வீட்டிலோ கணவர் முருகன், மனைவி தன் அப்பா பெயரால் சண்முகம், மகள் அப்பாவின் இயற்பெயரால் செந்தில். மணியில் முருகன் என்று மட்டும் இருந்தால், சண்முகம் என்ற பெயருக்கு வந்த பதிவுத் தபால் பெறுநர் அறியப்படவில்லை என்ற குறிப்போடு திரும்பிப் போய்விடக்கூடும். மூன்று பெயரையும் ஒரே சீட்டில் அச்சிட்டு ஒட்டிவிட்டே விண்ணப்பத்தை அனுப்பலாம்.

புதிய புத்தகத்தின் எண் புதியது. பழையதை மூலை வெட்டியோ ரத்து முத்திரை குத்தியோ திருப்பித் தருவார்கள். அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். அதில் இன்னும் காலம் மீதமிருக்கும் பிற நாட்டு விசாக்கள் இருந்தால் இரண்டு புத்தகங்களையும் சேர்த்துக் காட்டிப் பயணம் செய்யலாம். எப்போது வந்தோம், எப்போது வெளியே போனோம் என்பதற்கு அதில் உள்ள முத்திரைகளே சான்று. நிரந்தர வசிப்புக்கோ குடியுரிமைக்கோ விண்ணப்பிக்கும்போது அது தேவைப்படும். 2024 ஜூன் 27 முதல் ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது என்றாலும் இந்தியா ஏற்பதில்லை. ஜெர்மன் குடியுரிமை பெறுபவர் இந்தியப் பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்தே ஆக வேண்டும். அந்த முடிவை எடுத்துவிட்டு நாளுக்காகக் காத்திருப்பவர்களும் அதுவரை செல்லத்தக்க பாஸ்போர்ட் வைத்திருக்க வேண்டும்.

புத்தகம் வந்த கையோடு அதன் எல்லாப் பக்கங்களையும் பார்த்து, எழுத்துப்பிழை இருந்தால் உடனே தூதரகத்துக்கு எழுத வேண்டும். ஜெர்மன் அட்டையில் ஏறிய பிறகு பிழை இரண்டு நாட்டுக்கும் உரியதாகிவிடும். பிறகு வெளிநாட்டவர் அலுவலகத்தில் அட்டையைப் புதிய பாஸ்போர்ட்டுக்கு மாற்ற நேரம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பி, அந்த மின்னஞ்சலின் நகலை வைத்துக்கொள்ள வேண்டும். பெருநகரங்களில் பதில் வரவே வாரக்கணக்காகும். பணியிடத்தின் மனிதவளப் பிரிவும் புதிய நகலைக் கேட்கும். இந்தியாவில் என்.ஆர்.இ. கணக்கு, அதாவது வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்கு, வைத்திருப்பவர்கள் வங்கிக்குப் புதிய எண்ணையும் சான்றொப்பமிட்ட நகலையும் அனுப்ப வேண்டும். பொங்கலுக்கு ஊர் போக முன்பே டிக்கெட் எடுத்திருந்தால், விமான நிறுவனத்தின் பக்கத்தில் பயணி விவரத்தில் பழைய பாஸ்போர்ட் எண்ணை மாற்றிப் புதியதைப் பதிந்துவிட வேண்டும்.